அயன் பெட்டிக்குக் கீழே வெந்த கேக்

மகனே,

உன் கடிதம் வந்தபோது நான் கடையில் ஒரு கலியாணக் கோட்டுக்கு உள்துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலை வைத்துவிட்டு நின்றபடியே வாசித்தேன். பிறகு பின்பக்கம் வீட்டுக்குள் போய் அம்மாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் பேரன் ஒரு துண்டு கேக் சாப்பிட்டது, கொஞ்ச நேரத்தில் உதடும் கண்ணும் வீங்கி மூச்சு இழுத்தது, நீ அவனைத் தூக்கிக்கொண்டு திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு ஓடியது, முட்டையும் பாலும் அவனுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் கேட்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் "இது எங்கிருந்துதான் இவனுக்கு வந்ததோ" என்று நீ எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கேருந்து வந்துச்சாம்? இவன்கிட்டேருந்துதான் வந்துச்சு. மறந்துட்டான் பாருங்க" என்றாள்.

நீ மறந்ததில் தப்பில்லை. உனக்கு மீசை அரும்பும் வயதில் அது தானாகவே விட்டுப் போய்விட்டது. உன் கலியாணத்துக்கு நம் பக்கத்து வீட்டு ஹசீனா ராத்தா செய்து அனுப்பிய வட்டிலப்பத்தில் எத்தனை முட்டை போயிருக்கும்? மாப்பிள்ளை என்ற கூச்சம்கூட இல்லாமல் கிண்ணம் கிண்ணமாக அதை நீ காலி பண்ணியதைப் பார்த்து உன் மாமனார் வாயடைத்துப்போனாரே. அதனால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். பேரனுக்கும் ஒருநாள் இது விட்டுப் போகலாம். ஆனால் போய்விட்டதா என்று வீட்டில் நீங்களே சோதித்துப் பார்க்காதீர்கள். அதை டாக்டர் சொல்லட்டும். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. இப்போது கேக்கைக் கண்டாலே பிள்ளை அழுகிறான் என்றும், அவனுடைய நாலாவது பிறந்தநாளைக் கொண்டாட வேண்டாம் என்று மருமகள் சொல்லிவிட்டாள் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில்தான் எனக்கு மனசு நின்றுவிட்டது. ஏனென்றால் அதே இடத்தில் நானும் உன் அம்மாவும் ஒருமுறை நின்றிருக்கிறோம்.

நீ அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தாய். ஹசீனா ராத்தாவின் தங்கைக்குக் கலியாணம். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு என்பதால் பந்தல் எங்கள் வாசலையும் சேர்த்துத்தான் போட்டார்கள். வெள்ளித்தாளில் சுற்றிய கேக் துண்டை எல்லாப் பிள்ளைகளையும் போல நீயும் வாங்கினாய். அதற்கு முன்பும் பால் குடித்தால் உனக்கு உடம்பில் தடிப்பு வரும், நாங்கள் அதைச் சூடு என்று நினைத்து வெந்தயம் கொடுப்போம். அன்று வந்தது தடிப்பு இல்லை. முகம் எங்கள் பிள்ளையின் முகமாகவே இல்லை. கலியாணத்துக்கு வந்திருந்த காரிலேயே, மாலையெல்லாம் கட்டியபடி, உன்னை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் ஊசி போட்டு உன்னைக் காப்பாற்றிவிட்டு, இனி இந்தப் பிள்ளைக்கு முட்டையும் பாலும் கண்ணிலும் காட்டக் கூடாது என்றார். ஹசீனா ராத்தா கலியாண வீட்டை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சுட்ட கேக்கு தம்பி, என்ட கையால பண்ணினது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தேற்றுவதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

உடம்பு சீக்கிரம் சரியாகிவிட்டது. சரியாகாமல் இருந்தது மற்றது. தெருவில் எல்லாருக்கும் உன்மேல் அன்பு, அந்த அன்பால் எல்லாரும் உன்னைக் கண்டதும் சாப்பாட்டை மறைத்தார்கள். "ஐயோ, அந்தப் புள்ளைக்குக் குடுத்துறாதீங்க" என்று நீ நிற்கும்போதே சொன்னார்கள். உன் வகுப்புப் பையன் ஒருவனுடைய பிறந்தநாளுக்குப் போன இடத்தில், அந்த வீட்டம்மா நல்ல மனதோடுதான் உன்னைத் தனியாக ஒரு மேசையில் உட்காரவைத்து, ஒரு தட்டில் வாழைப்பழமும் ஒரு கிளாஸில் சோடாவும் கொடுத்திருக்கிறார். நீ வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாய். "அப்பா, எனக்குக் கேக்கு புடிக்காதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அப்படிச் சொன்னா யாரும் ஒன்னும் கேக்கமாட்டாங்க." அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். பெரிய மனுஷனைப் போல நீ அதைச் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை. நீ சாப்பிடக்கூடிய ஒரு கேக்கைச் செய்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு கட்டினேன். எனக்கோ அதுவரை தேத்தண்ணி ஊற்றுவதைத் தவிர அடுப்படியில் ஒரு வேலையும் தெரியாது.

எப்படிச் செய்வது என்று தெரியாமல் இருந்தபோது வழி காட்டியது ஒரு கால்சட்டை. உக்குவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொக்கோ ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த பண்டா மாத்தயா நம் கடையில்தான் துணி தைக்கக் கொடுப்பார். இடுப்பைத் தளர்த்தச் சொல்லி ஒரு வெள்ளை ட்ரில் கால்சட்டை கொடுத்திருந்தார். வேலையை முடித்துவிட்டுத் தேய்க்க எடுத்தேன். பையைத் தடவிப் பார்க்காமல் அயன் பெட்டியை வைத்துவிட்டு, வாசலில் வந்த யாரிடமோ பேச்சுக் கொடுத்தேன். திடீரென்று கடை முழுக்க ஒரு வாசனை. காப்பி வறுப்பது போலவும் இருக்கிறது, அது இல்லை. அம்மா உள்ளேயிருந்து, "என்னங்க அது, கடைல சாக்லட் வாங்கி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் பைக்குள் காய்ந்த கொக்கோக் கொட்டைகள். சூட்டில் வெடித்து, எண்ணெய் கசிந்து, வெள்ளைக் கால்சட்டையில் ஆள்காட்டி விரல் நீளத்துக்குப் பழுப்புக் கறை. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அம்மா அந்தக் கொட்டையில் ஒன்றை எடுத்துத் தோலை உரித்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, கொஞ்சம் பொறுத்து, "கசப்புத்தான். ஆனா உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு" என்றாள்.

பண்டா மாத்தயா வந்தபோது கறையைக் காட்டிவிட்டுப் புதுக் கால்சட்டை தைத்துத் தருவதாகச் சொன்னேன். அவர் கறையைப் பார்க்கவே இல்லை. மூக்கை உயர்த்தி, "மாஸ்டர், இது என்ன வாசனை?" என்று சிங்களத்தில் கேட்டார். உங்கள் கொக்கோதான் என்றேன். அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நான் எத்தனை வருஷமா இதைப் புளிக்க வைக்கிறேன், காயப் போடுறேன், சாக்கில கட்டி ரயில்ல ஏத்துறேன். இதுவரைக்கும் வறுத்து மோந்து பார்த்ததில்ல" என்றார். நமது ஊரைச் சுற்றி வேலிக்கு வேலி கொக்கோ மரம் நின்ற காலம் அது. காயை உடைத்து வெள்ளைச் சதையை உறிஞ்சிவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடுவோம். சாக்லட் என்பது கப்பலில் வருவது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உன் கதையைச் சொன்னதும் அவர் அடுத்த வாரமே தன் வீட்டு மரத்துக் கொட்டையை ஒரு பை நிறையக் கொண்டுவந்து, "செஞ்சு பாருங்க மாஸ்டர். கெட்டுப்போனா இன்னும் தாறேன்" என்றார்.

கெட்டுத்தான் போனது. முதல் தடவை கொட்டையை மணலில் வறுத்து, தோல் நீக்கி, அம்மியில் அரைத்து, மாவும் சீனியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைத்தேன். அம்மா ஒரு துண்டு கடித்துவிட்டு, கஷாயத்தைக் கட்டியாக்கிவிட்டேன் என்று பாராட்டினாள். இரண்டாவது தடவை சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டியைக் காய்ச்சி ஊற்றினேன். ருசி வந்தது, ஆனால் பல்லுக்குத்தான் வேலை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த ஹசீனா ராத்தா தாங்க முடியாமல் வந்துவிட்டார். தங்கையின் கலியாணத்துக்குப் பிறகு அவர் கேக் செய்வதையே விட்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தட்டில் இருந்ததைத் தட்டிப் பார்த்தார். அது சத்தம் போட்டது. "முட்டை போடாட்டி வேற ஏதாச்சும் பிடிச்சு நிறுத்தோணும் தம்பி. நல்லாப் பழுத்த வாழப்பழத்தப் பிசைஞ்சு போடுங்க. அப்பச்சோடா கொஞ்சம். கடைசியா எலுமிச்சம்புளி. புளி பட்டா சோடா பொங்கும், பொங்கக்குள்ளேயே அடுப்புல வச்சிரோணும்" என்றார். பட்டருக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "தேங்காயெண்ணெய் இல்லாத வீடா இது?" என்றார்.

மீதி இருந்தது நெருப்பு. அதில் மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை. பட்டுக்கு எவ்வளவு சூடு, ட்ரில்லுக்கு எவ்வளவு சூடு என்று கன்னத்துக்குப் பக்கத்தில் பெட்டியைப் பிடித்தே சொல்லிவிடுவேன் அல்லவா. பெரிய மண்சட்டியில் மணல் பரப்பி அடுப்பில் ஏற்றி, கலவை ஊற்றிய தகரத்தை அதற்குள் இறக்கி, இரும்புத் தட்டால் மூடினேன். மேல் சூட்டுக்குத் தட்டின்மேல் தணல் போடுவார்கள். நான் கடையிலிருந்து இரண்டு அயன் பெட்டிகளையும் சிரட்டைக் கரி நிரப்பிக் கொண்டுவந்து அதன்மேல் ஏற்றி வைத்தேன். அம்மா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, "கேக்கைச் சுடுறீங்களா, கேக்குக்குக் கஞ்சி போட்டுத் தேய்க்கிறீங்களா?" என்று கேட்டாள். திறந்தபோது அது கேக்கைப் போல எழும்பி நிற்கவில்லை. தட்டையாக, மேலே மெல்லிய ஏடு வெடித்து, உள்ளே ஈரமாக, கறுப்பு மினுமினுப்போடு இருந்தது. வெட்டி வாயில் வைத்த ஹசீனா ராத்தா உடனே இன்னொரு துண்டு எடுத்தார். பண்டா மாத்தயா ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பஸ் பிடித்து வந்திருந்தவர், வேலை செய்த அத்தனை வருஷத்துக்கும் இன்றைக்குத்தான் சம்பளம் வாங்கியதாகச் சொன்னார்.

பிறகு உன்னைக் கூப்பிட்டோம். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த நீ ஓடி வந்தாய். தட்டைப் பார்த்தாய். நாலு பெரியவர்கள் உன்னைச் சுற்றி நின்றோம், நாலு பேரும் உன் வாயையே பார்த்தோம். நீ இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாய். "வேணாம்ப்பா. வீங்கிரும்" என்றாய். முட்டை இல்லை என்றேன். பால் இல்லை என்றாள் அம்மா. ஹசீனா ராத்தா, "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் மகன், ஒன்னும் போடல்ல" என்றார். நாங்கள் சொல்லச் சொல்ல நீ சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போனாய். கடைசியில் உன் உதடு நடுங்க ஆரம்பித்தது. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது, மகனே. உன்மேல் இல்லை. இத்தனை பாடுபட்டும் தோற்றுவிட்டோமே என்ற கோபம். அன்றைக்கு அந்தக் கேக்கைப் பெரியவர்கள்தான் தின்று தீர்த்தோம்.

அம்மாதான் அந்த முடிச்சை அவிழ்த்தாள். அன்று சாயங்காலம் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். "நாம சொல்றத அவன் எப்படி நம்புவான்? அன்னைக்கும் பெரியவங்க குடுத்துத்தானே தின்னான்." சிரட்டையைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தாள். "இல்லன்னு சொல்றத விட்டுட்டு என்ன இருக்குன்னு காட்டுங்க. அவனே செய்யட்டும்" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கேக் சாப்பிட யாரும் கூப்பிடவில்லை. எனக்குக் கை ஒழியவில்லை, அம்மாவுக்கு உதவி செய் என்று மட்டும் சொன்னேன். தேங்காய்ப்பாலை நீதான் பிழிந்தாய். வாழைப்பழத்தை நீதான் பிசைந்தாய், முழங்கை வரை. கருப்பட்டியைத் தட்டி உடைத்தாய், பாதி உன் வாய்க்குள் போனது. அம்மியைத் தணல் வைத்துச் சூடாக்கினால் கொக்கோ தூளாக நிற்காமல் கூழாக இளகும். அதைப் பார்த்து, "அம்மா, கல்லு அழுவுது" என்றாய். எலுமிச்சம்புளியை விட்டதும் கலவை பொங்கியபோது பயந்து பின்னால் போய், பிறகு கிட்டே வந்து மூக்கை வைத்துப் பார்த்தாய். ஒவ்வொன்றையும் போடும்போது அம்மா அதன் பெயரைச் சொல்ல வைத்தாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வெந்ததும் ஆறவைத்து, வெட்டி, ஒரு துண்டைத் தட்டில் போட்டு கடை வாங்கில் வைத்துவிட்டு அம்மா துணி காயப்போடப் போய்விட்டாள். நான் மெஷினில் உட்கார்ந்து மும்முரமாகத் தைத்துக்கொண்டிருந்தேன். நீ வாங்கைச் சுற்றி வந்தாய். தொட்டாய். விரலை நக்கினாய். பிறகு ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, நேராக ஆட்கள் உடுத்திப் பார்க்கும் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாய். உதட்டைப் பார்த்தாய். இமையை இழுத்துப் பார்த்தாய். நாக்கை நீட்டிப் பார்த்தாய். நான் தலையைத் தூக்காமல் கால்மிதியை மிதித்துக்கொண்டே இருந்தேன். கொல்லைப்பக்க வாசலில் அம்மா ஈரச் சேலையைப் பிழிந்தபடியே நின்றாள், அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் மிச்சமில்லை. நேரம் போனது. உன் முகம் உன் முகமாகவே இருந்தது. நீ கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டினாய், பல்லெல்லாம் கறுப்பு. மீதித் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டு என்னிடம் வந்து மெஷினை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஊசியில நூலே இல்லையே" என்றாய்.

அதற்குப் பிறகு உனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் நீயே பங்கு போட்டுக் கொடுத்தாய். இதில் என்னென்ன இருக்கிறது என்று வாத்தியாருக்கே சொல்லிக்கொடுத்தாயாம். ஹசீனா ராத்தா திரும்பவும் கலியாணக் கேக்குகள் செய்ய ஆரம்பித்தார், கூடவே உன் பெயரைச் சொல்லி ஒரு தகரம் தனியாக. பண்டா மாத்தயா கொண்டுபோன துண்டு எப்படியோ தோட்டத்துத் துரைசானியின் கைக்குப் போய், அவர் அதைப் 'பிரவுனி' என்று சொன்னாராம். எத்தனை முட்டை போட்டது என்று கேட்டாராம். ஒன்றுமே போடவில்லை என்றால் நம்பவில்லையாம். நாங்கள் அதுவரை கறுப்புக் கேக் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பெயர் கிடைத்த பிறகும் நம் வீட்டில் அந்தப் பெயர் ஒட்டவில்லை.

இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் வறுத்த கொக்கோ இருக்கிறது. கித்துள் கருப்பட்டியும் வைத்திருக்கிறேன். இந்தத் தட்டுப்பாட்டில் கோதுமை மாவுக்கு நீ வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்று தெரியும், இங்கும் பாண் ரொட்டிக்கே அப்படித்தான். பாதிக்கு அரிசி மா போட்டால் போதும், கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான். கொக்கோவைச் சூடான அம்மியில் கூழாக அரைத்து, அதையும் கருப்பட்டியையும் சூடான முதல் தேங்காய்ப்பாலில் கரைத்து ஆறவிட்டுப் பிறகு பழத்தையும் எண்ணெயையும் சேர். ஒரு சிட்டிகை உப்பு மறக்காதே. ஈர்க்கைக் குத்திப் பார்க்கும்போது அதில் கொஞ்சம் ஒட்டினால்தான் பதம். சுத்தமாக வந்தால் நீ நெருப்பை அதிகம் வைத்துவிட்டாய் என்று அர்த்தம். முட்டை பட்ட பாத்திரம், கரண்டி எதையும் இதற்கு எடுக்காதே. போடும் சாமான்களையெல்லாம் முதலில் டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொள். இதை மருமகளிடம் வாசித்துக் காட்டிவிட்டு நீ பேப்பர் பார்க்கப் போய்விடாதே. அடுப்பில் நீயும் நில். ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பதைப் பார்த்து நம் தெரு சிரித்தது உண்மைதான். சிரித்தவர்கள் அத்தனை பேரும் பிறகு ஒரு துண்டு கேட்டு வந்ததும் உண்மை.

பேரன் சின்னவன். பழம் பிசையத் தெரிந்தால் அவனுக்கு அது போதும். வீட்டைப் பாழாக்குவான், ஆக்கட்டும். பேச்சுக்குக்கூட 'ஆகாத பிள்ளை' என்று அவன் காதுபடச் சொல்லாதீர்கள். அவனுக்கு எது ஆகாது என்பதை அவனே நாலு பேரிடம் தெளிவாகச் சொல்லப் பழக்குங்கள், வெட்கப்படாமல், கதை சொல்வது போல. பிறந்தநாளைக் கொண்டாடுங்கள். வெந்ததும் அவனுக்கு எட்டும் உயரத்தில் ஒரு துண்டை வைத்துவிடு. சாப்பிடு என்று சொல்லாதே. அன்றைக்குத் தொடாவிட்டால் அடுத்த வாரம் மறுபடியும் பழம் பிசையக் கூப்பிடு. நீயும் மருமகளும் அதே அறையிலேயே இருங்கள், ஓரக்கண் அவன்மேல் இருக்கட்டும். ஆனால் முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஏதாவது ஒரு வேலையைச் செய்துகொண்டே இருங்கள்.

அன்புடன்,
அப்பா